பழமொழி வழியே ஸ்பானிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெஃப்ரான் என்பது என்ன? எல்லாப் பழமொழியும் ரெஃப்ரான்தானா?

ஸ்பெயினில் மக்கள் வாய்வழியாக வழங்கிவரும் பழமொழிக்கு ரெஃப்ரான் என்று பெயர். பெரும்பாலும் அது இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு ஒரு நிலையைச் சொல்லும், இரண்டாவது அதை முடித்துவைக்கும். இரண்டின் கடைசிச் சொற்களும் ஓசையில் ஒத்துப்போகும். எல்லாவற்றிலும் இந்த ஒத்த ஓசை இருக்காது. ஆனால் மொழி கற்பவருக்கு அதிகம் பயன்படுவது ஓசை ஒத்தவைதான். காரணம் எளிது. ஒரு சொல்லை மறந்தாலோ தப்பாக உச்சரித்தாலோ ஓசை முறிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு இது பெரிய துணை.

இந்த வழி புதிதும் அல்ல. செவில் நகரில் 1508இல் அச்சான ஒரு தொகுப்பு, அடுப்போரத்தில் கிழவிகள் சொல்லும் பழமொழிகளை அகரவரிசையில் தந்தது. சாந்தில்யானா பிரபுவின் பெயரில் வழங்குவது அது. நல்ல காஸ்டிலிய மொழி (அதாவது ஸ்பானிஷ்) எது என்று 1535 வாக்கில் எழுதிய ஹுவான் தெ வால்தேஸ், சான்றுக்குப் பழமொழிகளைத்தான் எடுத்துவைத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஸ்பானிஷ் கற்பித்த ஸெஸார் உதேன், 1605இல் பாரிஸில் பழமொழிகளை இருமொழியில் வெளியிட்டார்.

இந்தப் பக்கத்தில் ஸ்பானிஷைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறீர்கள். எப்படிப் படிப்பது?

நாலு விதிகளை மனத்தில் வைத்தால் போதும்.

ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம்தான் உண்டு. அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். ‘மானொ’ என்றால் மா-வில் அழுத்தம். ஒற்று இரட்டித்தால் (க்க, த்த, ப்ப) அழுத்தமான வல்லொலி. இரட்டிக்காமல் உயிர்களுக்கு நடுவே வந்தால் ‘அது’ என்பதில் வரும் த போல, ‘அகம்’ என்பதில் வரும் க போல இளகிய ஒலி. ‘ர்ர’ வந்தால் நாக்கு நுனி இரண்டு மூன்று முறை அதிர வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ர-வுக்கும் அதே அதிர்வு உண்டு. ‘ஹ’ என்பது தொண்டையிலிருந்து உரசி வரும் காற்று.

சொல் முதலில் வரும் த, ப இரண்டும் தமிழெழுத்தில் குழப்பும். தியோஸ் (கடவுள்) ‘தோசை’யின் த. போக்க (வாய்) ‘பஸ்’ஸின் ப. போக்கொ (கொஞ்சம்) ‘பல்’லின் ப. இந்தத் தமிழெழுத்து வெறும் ஊன்றுகோல்தான். நோட்டில் எழுதும்போது கட்டாயம் ஸ்பானிஷ் எழுத்தில் எழுதுங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகும் தமிழெழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் எழுத்துக்கூட்டல் கடைசிவரை வராது.

ஓசை எங்கே ஒத்துப்போகிறது என்றே காதுக்குப் பிடிபடவில்லை. ஏன்?

தமிழ்க் காது அடியின் தலையில் ஓசையைத் தேடும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்றால் ஆடி, தேடி என்ற எதுகை இரு சீர்களின் முன்பகுதியில் நிற்கிறது. ஸ்பானிஷில் ஓசை வாலில் இருக்கிறது. நம் இயைபுத் தொடைக்கு அது நெருக்கம். விதி இதுதான்: கடைசிச் சொல்லில் அழுத்தம் விழும் உயிரிலிருந்து முடிவுவரை எடுத்து ஒப்பிடுங்கள்.

எல்லா எழுத்தும் ஒத்தால் அது முழு ஒப்பு. ‘அஸ்த எல் குவரேன்த்த தெ மாயொ, நோ தெ கீத்தெஸ் எல் ஸாயொ’ (மே நாற்பதாம் தேதிவரை மேலாடையைக் கழற்றாதே) என்பதில் மாயொ, ஸாயொ. உயிர்கள் மட்டும் ஒத்து மெய்கள் மாறினால் அது பாதி ஒப்பு. ‘மாஸ் வாலெ பாஹரொ என் மானொ கெ ஸியேன்த்தொ வொலாந்தொ’ (பறக்கும் நூறைவிடக் கையில் இருக்கும் ஒரு பறவை மேல்) என்பதில் மானொ, வொலாந்தொ: ஆ-ஒ, ஆ-ஒ. தமிழர் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் பாதி ஒப்பைத்தான். இன்னும் நுட்பமான ஒன்று: ‘குவாந்தொ எல் ரீயொ ஸுவேன, ஆக்வ யேவ’ (ஆறு சத்தமிட்டால் அதில் தண்ணீர் ஓடுகிறது). ‘ஸுவேன’வில் ‘உவே’ என்பது ஒரே அசை. அதில் வலுவான உயிர் ஏ மட்டுமே கணக்கில் வரும். ஆகவே ஏ-அ, ஏ-அ என்று பொருந்துகிறது. இந்த ஒன்றை நூறு முறை சொல்லிப் பார்த்தால் ஸ்பானிஷ் கூட்டுயிர் எப்படி ஓரசையாக நிற்கிறது என்பது நாக்குக்குப் பழகிவிடும்.

தமிழ் நாக்கு எங்கெல்லாம் தடுக்கும்?

நமக்குச் சில வசதிகள் உண்டு. ஞ இருக்கிறது. காற்று ஊதாத க, த, ப இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே த, க இளகுவதும் இயல்பாகவே வருகிறது. இத்தனையையும் ஆங்கில வழிப் பழக்கம் கெடுத்துவிடுகிறது. ஸ்பானிஷில் வருவது பல்லில் படும் த, ‘ட’ கிடையாது. ‘முவேர்த்தொ’ என்பதை ‘முவேர்ட்டோ’ என்று சொன்னால் ஸ்பானியர் காதில் உடனே உறுத்தும்.

பழமொழியின் தாளத்தைக் கெடுக்கும் பிழைகள் வேறு நான்கு.

முதலாவது, மெய்யில் முடியும் சொல்லுக்கு வால் ஒட்டுவது. ‘என் அப்ரீல், ஆக்வஸ் மீல்’ (ஏப்ரலில் ஆயிரம் மழை) மூன்றும் மூன்றும் ஆறு அசை. அதை ‘அப்ரீலு… மீலு’ என்று நம் வழக்கப்படி உகரம் சேர்த்து முடித்தால் நாலும் நாலும் எட்டு அசை ஆகிவிடும். கை தட்டிச் சொன்னால் பிழை உடனே தெரியும்.

இரண்டாவது, எ, ஒ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரமும் வகரமும் ஒட்டிக்கொள்வது: ‘யெல்’, ‘வோயொ’. எல், ஓயொ என்று வெறும் உயிராகவே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, கடைசி ன்-ஐ மூக்கில் கரைத்துவிடுவது. பேச்சில் ‘அவன்’ என்பதை எப்படி முடிக்கிறோமோ அப்படியே ‘பியேன்’ என்பதையும் முடித்துவிடுகிறோம். ‘ஆஸ் பியேன் இ நோ மீரெஸ் அ கியேன்’ (நல்லது செய், யாருக்கென்று பார்க்காதே) என்பதில் பியேன், கியேன் இரண்டிலும் நாக்கு நுனி மேலண்ணத்தின் முன்பகுதியைத் தொட்டு நிற்க வேண்டும்.

நான்காவதுதான் பெரியது. இரண்டு உயிர்கள் சந்தித்தால் தமிழ் இடையில் ய், வ் போட்டுப் பிரித்துவைக்கும், அதுதான் உடம்படுமெய். ஸ்பானிஷ் அவற்றை ஒரே அசையாக நெருக்கிவிடும். ‘கியென் ஃபுவே அ ஸெவீய, பெர்தியோ ஸு ஸீய’ (செவிலுக்குப் போனவன் நாற்காலியை இழந்தான்) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபுவே அ’ ஒரே மூச்சில் ஓரசையாக வந்தால்தான் ஐந்தும் ஐந்தும் என்று தராசு நேராக நிற்கும். ‘ஃபுவே ய’ என்று இழுத்தால் முதல் துண்டு ஆறாகிவிடும்.

ஒரு பழமொழியை எடுத்துப் படிக்கும் முறை என்ன?

‘ஆக்வ கெ நோ அஸ் தெ பெவேர், தேஹல கொர்ரேர்’ என்பதை வைத்தே காட்டுகிறோம். பொருள்: நீ குடிக்கப்போகாத தண்ணீரை ஓட விடு. உனக்குச் சம்பந்தமில்லாததில் தலையிடாதே என்பது கருத்து.

முதலில் பொருளைப் பார்க்காமல் ஸ்பானியர் குரலில் பத்து முறை கேளுங்கள். பிறகு ஸ்பானிஷ் எழுத்தில் எழுதி அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடிடுங்கள். விதி இதற்குள்ளேயே இருக்கிறது. உயிரிலோ ன், ஸ்-இலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம்: ஆக்வ. மற்ற மெய்களில் முடிந்தால் கடைசி அசையில்: பெவேர், கொர்ரேர். இந்த இரண்டையும் மீறும் சொல்லுக்குத் தலையில் சாய்கோடு போடுவார்கள்: தேஹல.

அடுத்து கை தட்டி அசை எண்ணுங்கள். ‘நோ அஸ்’ இரண்டும் சேர்ந்து ஒரு தட்டு. ஸ்பானிஷில் ஹெச் எழுத்துக்கு ஒலியே இல்லாததால் இது முடிகிறது. முதல் துண்டுக்கு ஏழு தட்டு, இரண்டாவதுக்கு ஐந்து.

இதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அஸ் தெ’ என்பது ‘செய்யப்போகிறாய், செய்ய வேண்டியிருக்கிறது’ என்ற பொருளுடைய பழைய அமைப்பு. பேச்சில் இன்று வேறு வடிவம்தான் அதிகம். ‘தேஹல’வில் ‘தேஹ’ என்பது ‘விடு’, ‘ல’ என்பது ‘அதை’. ஏவல் வினையின் வாலில் ‘அதை’ ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஸ்பானிஷில் பெண்பால் என்பதால் ‘லொ’ வராமல் ‘ல’ வந்தது. ஒரு சொல்லில் மூன்று பாடம் முடிந்துவிட்டது.

கடைசியாக, வலப்பாதியை மூடிக்கொண்டு இடப்பாதியை மட்டும் படித்து மீதியைச் சொல்லுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று திரும்பச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடமும் வாரத்துக்கு மூன்று பழமொழியும் போதும். ஒரே நாளில் இருபதை மனப்பாடம் செய்தால் இதன் தலையும் அதன் வாலும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் இலக்கணம் உண்மையிலேயே வருமா, வெறும் மனப்பாடம்தானா?

மனப்பாடத்தோடு நிறுத்தினால் வராது. அச்சை எடுத்து வேறு மாவை ஊற்ற வேண்டும். ‘கியென் தியேனெ போக்க ஸெ எக்கிவோக்க’ (வாய் உள்ளவன் தவறு செய்வான்) என்பதில் ‘கியென்’ நம் ‘உள்ளவன், போனவன், செய்பவன்’ என்ற வினையாலணையும் பெயரின் வேலையைச் செய்கிறது. ‘கியென் தியேனெ’வை வைத்துக்கொண்டு நீங்களே கட்டுங்கள்: ‘கியென் தியேனெ ஆம்ப்ரெ, கோமெ’ (பசி உள்ளவன் சாப்பிடுவான்). ‘மாஸ் வாலெ’ என்ற ‘இதைவிட இது மேல்’ அச்சிலும் இப்படியே: ‘மாஸ் வாலெ தார்தெ கெ நூன்க்க’ (ஒருபோதும் வராமல் இருப்பதைவிடத் தாமதமாக வருவது மேல்).

‘அ கியென் மத்ரூக, தியோஸ் லெ அயூத’ (விடியலில் எழுபவனுக்குக் கடவுள் துணை) என்பதில் தமிழர் விடுவது ‘லெ’யைத்தான். ‘எழுபவனுக்கு’ என்று ஒருமுறை சொன்ன பிறகு ‘அவனுக்கு’ என்று மறுபடியும் எதற்கு என்று தோன்றும். நான்காம் வேற்றுமைப் பொருள் முன்னால் வந்துவிட்டால் வினைக்கு முன் அதை ‘லெ’யால் மறுபடி சுட்டுவது ஸ்பானிஷ் வழக்கம். பாடப்புத்தகத்தில் இந்த விதி பல பக்கம் ஓடும். இங்கே ஆறு சொல்லில் நாவில் ஏறிவிடுகிறது.

‘பேர்ரொ லத்ரதோர், போக்கொ மொர்தெதோர்’ நம் ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதற்கு இணை. வினைச்சொல்லே இல்லாமல் நிற்பதால் தமிழருக்கு உறுத்தாது. இதில் ‘தோர்’ என்ற விகுதி கிடைக்கிறது. லத்ரார் குரைத்தல், லத்ரதோர் குரைப்பது. மொர்தேர் கடித்தல், மொர்தெதோர் கடிப்பது. இதே வழியில் வெந்தேர் (விற்றல்) வெந்தெதோர் ஆகும், கொம்ப்ரார் (வாங்கல்) கொம்ப்ரதோர் ஆகும். ‘பேர்ரொ’வில் ர் அதிராவிட்டால் அது ‘பேரொ’ ஆகிவிடும். அதன் பொருள் ‘ஆனால்’.

‘அவுன்க்கெ ல மோன ஸெ வீஸ்த்த தெ ஸேத, மோன ஸெ கேத’ (பட்டு உடுத்தினாலும் குரங்கு குரங்கே) என்பதில் பலர் ‘வீஸ்த்த’வை அகராதியில் தேடிப் ‘பார்வை’ என்று எழுதிக்கொள்கிறார்கள். இங்கே அது ‘உடுத்துதல்’ வினையின் ஐயநிலை வடிவம். ‘அவுன்க்கெ’ நம் ‘உடுத்தினாலும்’ என்பதன் ‘ஆலும்’. உண்மையா இல்லையா என்று உறுதியாகச் சொல்லாதபோது அதற்குப் பின் ஐயநிலை வரும். ஒரு எச்சரிக்கை: இதை யாரையும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள், வசையாகத்தான் விழும்.

பழைய வடிவங்களைக் கற்றுக்கொண்டு தப்பாகப் பேசிவிட மாட்டோமா?

கவனம் தேவைப்படும் இடம்தான். ‘தோந்தெ ஃபுவேரெஸ், ஆஸ் லொ கெ வியேரெஸ்’ (போகும் இடத்தில் காண்பதைச் செய்) நம் ‘ஊரோடு ஒத்து வாழ்’ போன்றது. இதில் உள்ள ஃபுவேரெஸ், வியேரெஸ் இரண்டும் எதிர்கால ஐயநிலை. இன்று அந்த வடிவம் சட்ட ஆவணங்களிலும் இப்படிப் பழமொழிகளிலும்தான் உயிரோடு இருக்கிறது. பேச்சில் அங்கே ‘வாயஸ்’, ‘வேயஸ்’ என்பார்கள். பழமொழியை எழுதிவைக்கும் அட்டையில் பழைய வடிவத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் இன்றைய வடிவத்தை எழுதிவையுங்கள்.

இன்னொரு பொறி: ‘ஆஸ்’ (செய்) கடைசியில் ஸெட் எழுத்து. மேலே பார்த்த ‘அஸ் தெ’யில் வருவது எஸ். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் இரண்டும் ஒரே ஒலி என்பதால் எழுதும்போது மாறிவிடும்.

மாதம், புனிதர் நாள் எல்லாம் வரும் பழமொழிகளை விட்டுவிடலாமா?

வேண்டாம், அவற்றில்தான் ஸ்பெயின் நிலமே தெரிகிறது. ‘மே நாற்பதாம் தேதிவரை ஸாயொவைக் கழற்றாதே’ என்பதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். மே மாதத்துக்கு 31 நாள்தான். மேலும் 9 சேர்த்தால் ஜூன் 9. நடு ஸ்பெயின் மேட்டுநிலத்தில் அதுவரை திடீர்க் குளிர் அடிக்கும் என்பதால் மேலங்கியை எடுத்துவைத்துவிடாதே என்கிறது. ஸாயொ பழங்காலத் தொளதொள மேலாடை. இன்று யாரும் அணிவதில்லை, சொல் பழமொழியில் தங்கிவிட்டது. ‘கீத்தெஸ்’ என்பது எதிர்மறை ஏவலுக்கு நல்ல மாதிரி.

‘பொர் ஸான் ப்லாஸ், ல ஸிகுவேஞ வெராஸ்’ என்றால் புனித பிலாஸ் நாளான பிப்ரவரி 3 வாக்கில் செங்கால் நாரையைக் காண்பாய் என்று பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து நாரைகள் திரும்பும் காலம் அது. இப்போது பல நாரைகள் குளிர்காலம் முழுவதும் ஸ்பெயினிலேயே தங்கிவிடுகின்றன. பழமொழி மட்டும் பழைய பருவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘வெராஸ்’ எதிர்காலம், கடைசி அசையில் அழுத்தம். அழுத்தத்தை முன்னால் தள்ளினால் ப்லாஸோடு ஒட்டாது.

ஸ்பானியர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்களே?

ஆம், அதுதான் இயல்பான வழக்கு. ‘குவாந்தொ எல் ரீயொ ஸுவேன…’ என்று இழுத்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார்கள். நம்மவர் ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று சொல்லும் அதே இடம். மீதியை எதிரில் இருப்பவர் மனத்திலேயே முடித்துக்கொள்வார். நீங்களும் முழுதாக ஒப்பிக்காமல் பாதியில் விடப் பழகுங்கள். முன்னால் ‘கோமொ தீஸெ எல் ரெஃப்ரான்’ (பழமொழி சொல்வதுபோல) என்று சேர்த்தால் பேச்சில் பொருந்தி உட்காரும். ஓர் உரையாடலுக்கு ஒன்று போதும்.

தமிழ்ப் பழமொழியை அப்படியே ஸ்பானிஷில் பெயர்த்துச் சொல்லலாமா?

புரியும், ஆனால் பழமொழியாக ஒலிக்காது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று பெயர்த்தால் யானையைத்தான் கற்பனை செய்வார்கள். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது ‘எல் மெஹோர் எஸ்க்ரிவானொ ஏச்ச உன் பொர்ரோன்’, அதாவது சிறந்த எழுத்தரும் மைக்கறை சிந்துவார். அட்டையின் பின்பக்கம் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பை விட, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார்கள் என்ற ஒரு வரியை எழுதுவது மேல். இணையான தமிழ்ப் பழமொழியை எழுதுவதானால் பொருளின் அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ போகிறவருக்கும் இவை பயன்படுமா?

பெரும்பாலானவை இரு கரையிலும் தெரிந்தவை. அட்லாண்டிக்குக்கு அப்பால் மட்டும் பெரிதும் புழங்குபவையும் உண்டு. ‘கமரோன் கெ ஸெ துவேர்மெ, ஸெ லொ யேவ ல கொர்ரியேன்த்தெ’ (தூங்கும் இறாலை நீரோட்டம் அடித்துப்போகும்) மெக்சிகோவில் அன்றாடம் கேட்பது. அதில் ஏ-எ, ஏ-எ என்ற பாதி ஒப்பைக் காது பிடிக்கிறதா பாருங்கள்.

உச்சரிப்பு வேறுபாட்டுக்கு ‘எல் முவேர்த்தொ அல் ஓயொ இ எல் வீவொ அல் போயொ’ (இறந்தவன் குழிக்கு, இருப்பவன் ரொட்டிக்கு) அருமையான உரைகல். ஓயொவில் இருப்பது ஒய் எழுத்து, போயொவில் இரட்டை எல். முன்பு இரண்டும் வெவ்வேறு ஒலி. அன்று இது பாதி ஒப்பு. இன்று பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே உச்சரிப்பதால் முழு ஒப்பாகிவிட்டது. புவெனோஸ் ஐரெஸில் இரண்டும் ‘ஷ’ ஆகி ஓஷொ, போஷொ என்று கேட்கும். அங்கும் ஓசை கெடாது.

எவற்றைக் கற்கவே கூடாது?

கற்கலாம், சொல்லத்தான் கூடாது. ‘ல முஹேர் ஒன்ராத, ல பியேர்ன கெப்ராத இ என் காஸ’ என்று ஒன்று உண்டு. மானமுள்ள பெண் கால் முறிந்து வீட்டில் கிடக்க வேண்டும் என்கிறது. பெண்களையும் யூதர்களையும் மூர்களையும் (முஸ்லிம்களை) இழித்துப் பேசும் பழமொழிகள் பழைய தொகுப்புகளில் நிறையவே இருக்கின்றன. சாலமாங்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் கொன்ஸாலொ கொர்ரேயாஸ் 1627இல் முடித்து, 1906இல்தான் அச்சேறிய பெருந்தொகுப்பு போன்றவை ஆய்வுக்குப் பொக்கிஷம். தொடக்கநிலையில் இருப்பவர் அங்கிருந்து எடுத்துப் பேசப் போனால் வழக்கொழிந்ததும் புண்படுத்துவதும் கலந்து வரும். ஸெர்வான்தெஸ் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள பன்மொழிப் பழமொழிக் களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் பொருளும் புழக்க அளவும் குறித்திருக்கிறார்கள். புதிதாக எதையும் எடுக்கும்முன் அங்கே சரிபாருங்கள்.

எழுத்துகூடத் தெரியாதவர் எதிலிருந்து தொடங்குவது?

பழமொழியை மட்டும் வைத்து மொழி முழுவதும் வராது. கடையில் விலை கேட்கவும் வழி விசாரிக்கவும் வேறு பாடம் வேண்டும். அதோடு சேர்த்து முதல் வாரம் ‘என் அப்ரீல்’, ‘பேர்ரொ லத்ரதோர்’, இவற்றோடு ‘தெல் தீச்சொ அல் ஏச்சொ ஆய் மூச்சொ த்ரேச்சொ’ (சொல்லுக்கும் செயலுக்கும் நெடுந்தூரம்). கடைசியில் சொன்னதில் நான்கு முறை ‘ச்சொ’ வருவதால் வாய் தானாகவே தாளத்தில் விழும். தெல், அல் என்ற இரண்டு சுருக்கங்களும் கூடவே வந்துவிடும். இரண்டாம் வாரம் ‘கியென்’ தொடங்கும் இரண்டும் ‘மாஸ் வாலெ’யும். மூன்றாம் வாரம் ‘அ தியோஸ் ரொகாந்தொ இ கொன் எல் மாஸொ தாந்தொ’ (கடவுளை வேண்டிக்கொண்டே சம்மட்டியையும் அடித்துக்கொண்டு). நம் ‘கொண்டு’ போல ‘ஆந்தொ’ விகுதி இரண்டு முறை. ஏவலும் ஐயநிலையும் வருவதை ஆறாம் வாரத்துக்கு மேல் தொடுங்கள். அதற்கு முன்பே ‘ஃபுவேரெஸ்’ பக்கம் போனவர்கள்தான் பாதியில் நோட்டை மூடிவைக்கிறார்கள்.